ஊடு என்று ஒரு பட்டன்

அத்தியாயம் பதினொன்று

கோபித்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறிய பிரவின்குமாரைப் போன வாரம் அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். பாவம், கொசுக்கடி தாங்காமல் அவனே இறங்கி வந்துவிட்டான். கோபம் மட்டும் இன்னும் இறங்கவில்லை.

புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட நகை, நாத்தனார், சாம்பாரில் உப்பு என்று எத்தனையோ காரணம் உண்டு. ஒரு வெப்சைட்டை எந்த டூலில் செய்வது என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்ட ஜோடி, சிங்காநல்லூர் முழுக்கத் தேடினாலும் இந்த ஒரு வீட்டில்தான் கிடைக்கும்.

கிருபாவுக்கு நோட்பேடு போதும். கம்ப்யூட்டரோடு சும்மா வருகிற அந்த வெள்ளைத் திரையில் ஒவ்வொரு வரியையும் தன் கையால் அடித்தால்தான் அவளுக்கு நிம்மதி. பிரவின்குமார் அப்படியில்லை. அவன் புதிதாக வாங்கி வந்திருக்கும் பேக்கேஜில் ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை. மவுஸால் படத்தைப் பிடித்து இழுத்துப் போட்டால் பக்கம் தயார். போதாததற்கு, காற்றில் ஆடுகிற தென்னை மரம் ஒன்றையும் வாரக்கணக்கில் உட்கார்ந்து செய்து வைத்திருந்தான்.

"ஏனுங்க, தோசைக்குச் சட்னி வேணுங்களா?" என்றாள் கிருபா, சமாதானக் கொடியாக.

"நோட்பேட்ல அடிச்சுக் குடு" என்றான் அவன், தட்டை விட்டுத் தலை நிமிராமல்.

அடுப்படியிலிருந்து மாமியார் பழனியாத்தாள் கரண்டியோடு வந்தாள். "டூலு டூலுன்னு விடிஞ்சதுல இருந்து இதே பேச்சு. உங்கப்பன் வேலை செய்யற லேத்துப் பட்டறைலகூட இத்தனை டூல் இல்லீடா. ஆளுக்கொரு ஸ்பேனரை எடுத்து அவங்கவங்க மண்டைல லூஸா இருக்கற நட்டை முறுக்கிப்போட்டு, ஆகற வேலையைப் பாருங்க."

யுவஸ்ரீ தோசையை வாயில் வைத்துக்கொண்டே சிரித்துப் புரையேறினாள். பிரவினின் தங்கைக்கு அண்ணனும் அண்ணியும் போடுகிற சண்டை, கல்லூரிக்குப் போகுமுன் இலவசமாகக் கிடைக்கிற பொழுதுபோக்கு.

கிருபாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

உடுமலைப்பேட்டை வெங்கடபதி சாயங்காலம் வருகிறார். தேங்காய் நார், கயிறு, கால்மிதி எல்லாம் வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர். அவருக்காகச் செய்கிற வெப்சைட் இது. இதைப் பார்க்கப் போவது அவர் மட்டுமில்லை. நெதர்லாந்தில் வாக்கப்பட்டிருக்கும் அவருடைய மகள் அங்கே திறந்து பார்த்து, போனில் அப்பாவிடம் நல்லது கெட்டது சொல்லப் போகிறாள். பிடித்துப்போனால், நார் வியாபாரிகள் சங்கத்தின் தலைவர் என்ற முறையில் சங்கத்து ஆட்கள் அத்தனை பேர் வேலையையும் இவர்களிடமே கொடுப்பதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார்.

பிடிக்காமல் போனால்? திங்கட்கிழமை கிருபா பெங்களூரில் ஒரு கம்பெனியில் சேர வேண்டும். இரண்டு பேரும் வேலையில்லாமல் கையைப் பிசைந்துகொண்டிருந்த ஒரு நாளில் சரி என்று ஒத்துக்கொண்டது. அவள் அங்கே விடுதியில், இவன் இங்கே. கல்யாணமாகி இன்னும் ஒரு வருஷம்கூட முழுசாக முடியவில்லை. அவளுக்குப் போகப் பிடிக்கவில்லை. போகாதே என்று அவனும் சொல்ல மாட்டேன் என்கிறான். ஆடுகிற தென்னை மரத்தைச் செய்துகொண்டிருந்தால் தங்கிவிடுவாள் என்று நினைக்கிற ஆள் அவன். சண்டையின் வேர் அங்கேதான் இருந்தது. அது இரண்டு பேருக்கும் தெரியும்.

போவதற்கு வேறு வீடும் அவளுக்கு இல்லை. பெருந்துறையில் அப்பா பிரான்சிஸ் இருக்கிறார். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் இன்சார்ஜ். ஆபீஸில் நெட்டோடு ஒரு கம்ப்யூட்டர் உண்டு. சர்ச்சும் இல்லாமல் கோயிலும் இல்லாமல் ரிஜிஸ்டர் ஆபீஸில் இந்தக் கல்யாணம் நடந்தபோது, வராந்தாவில் நின்று இரண்டே வாக்கியம் சொன்னார். "உங்க ஊட்டு வாசப்படியை மிதிக்க மாட்டேன். போறேன்."

முதல் வாக்கியத்தை அவள் எதிர்பார்த்துத்தான் இருந்தாள். இரண்டாவதைத்தான் தாங்க முடியவில்லை. பால் வாங்கத் தெருமுனைக்குப் போனாலும் 'வாரேன்' என்று சொல்லிவிட்டுப் போகிற மனுஷன். அவர் வாயிலிருந்து 'போறேன்' என்ற சொல்லை அன்றைக்குத்தான் அவள் முதல்முறையாகக் கேட்டாள்.

"ஏ அம்மணி, ஒண்ணு கேக்கறேன்" என்றாள் பழனியாத்தாள், தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே. "அந்த வெப்சைட்டு அட்ரஸுல, முன்னால டபிள்யூ டபிள்யூன்னு வருதே, அது மொத்தம் எத்தனை?"

"மூணுங்க அத்தை. எதுக்குங்க?"

"சும்மாதான். ரெண்டாயிரம் பொறந்தா கம்ப்யூட்டரெல்லாம் நின்னு போயிருமாமே, அதுக்குள்ள நாலு விஷயம் தெரிஞ்சு வெச்சுக்கலாம்னு. மூணுக்கப்பறம் உங்க உடுமலைக்காரர் கம்பெனி பேரா? பேரை எழுத்து எழுத்தாச் சொல்லு பாக்கலாம்."

கிருபா சொன்னாள். அத்தை அதைச் சாமி பேர் போல இரண்டு முறை முணுமுணுத்துக்கொண்டு, கொத்தமல்லி வாங்கிவருவதாகப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

*

சாயங்காலத்துக்கு முன்னால் ஒருமுறை, வெளியாள் மாதிரி வேறு எங்காவது திறந்து பார்த்துவிட வேண்டும் என்பதில் மட்டும் இரண்டு பேருக்கும் ஒரே அபிப்பிராயம். இரண்டு வடிவத்தையும் சர்வரில் ஏற்றிவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் சஹீர் நடத்துகிற பிரவுசிங் சென்டருக்குப் போனார்கள். சஹீர் பிரவினோடு படித்தவன். வரிசையாகக் கம்ப்யூட்டர் போட்டு, எல்லாவற்றுக்கும் ஒரே போன் லைனைப் பிரித்துக் கொடுத்திருந்தான்.

"முதல்ல என்னோடது" என்றான் பிரவின், சட்டைக் கையை மடித்துவிட்டபடி.

திரை வெள்ளையாயிற்று. நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி வந்தது. பிறகு ஒன்றுமே வரவில்லை. மூன்று பேரும் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சஹீர் டீ சொல்லி, டீ வந்து, குடித்தும் முடித்தார்கள். அடிமரம் மட்டும் தெரிந்தது. மட்டை வருவதற்குள் பக்கத்துக் கம்ப்யூட்டர்க்காரர் திரும்பிப் பார்த்தார்.

"ஏனுங்க, என்ற மெயில் அப்படியே நின்னு போச்சுங்க."

"எனக்கும்தானுங்க" என்றது அடுத்த நாற்காலி.

"டேய் மாப்ள" என்றான் சஹீர். "உன்ற மரம் என்ற லைன் மொத்தத்தையும் உறிஞ்சுது. அது காய்ச்சு முடிக்கறதுக்குள்ள என்ற கஸ்டமரெல்லாம் எந்திரிச்சு எதிர்த்த கடைக்குப் போயிருவாங்க. மூடு ராசா."

பிரவின் மூடினான். முகம் சுருங்கிப்போயிற்று. வீட்டில் அவனுடைய கம்ப்யூட்டரில் அந்த மரம் அவ்வளவு அழகாக ஆடியது. உள்ளேயே இருந்த படம் உள்ளேயே ஓடியதால் ஆடியது. நெதர்லாந்து வரைக்கும் டெலிபோன் கம்பி வழியாக ஒரு தென்னை மரத்தை இழுத்துக்கொண்டு போவது வேறு சமாச்சாரம்.

"இப்ப என்னோடதுங்க" என்றாள் கிருபா. குரலில் கொஞ்சம் பெருமை எட்டிப் பார்த்ததை மறைக்க முடியவில்லை.

கண்ணை மூடித் திறப்பதற்குள் பக்கம் வந்துவிட்டது. மேலே கம்பெனி பெயர், பக்கவாட்டில் கால்மிதி ஒன்றின் சின்னப் படம், கீழே ஆங்கிலத்தில் விவரம். சஹீர் "அட!" என்றான். கிருபா பிரவினைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். சஹீர் குனிந்து திரையை இன்னும் உற்றுப் பார்த்தான்.

"நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா கீழ இருக்கறது எந்த நாட்டு பாஷைங்க?"

கிருபா எட்டிப் பார்த்தாள். அவளுக்கு உயிரே போய்விட்டது.

வெள்ளைக்காரனுக்கு இங்கிலீஷ், நம்மாளுக்குத் தமிழ், இரண்டும் ஒரே பக்கத்தில் வேண்டும் என்பது வெங்கடபதியின் கண்டிப்பான உத்தரவு. தமிழ் எல்லாவற்றையும் கிருபா பார்த்துப் பார்த்து அடித்திருந்தாள். அந்தத் தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் தலையில் கொம்பு வைத்த அந்நிய எழுத்துகளும், கேள்விக்குறிகளும், பவுண்டு அடையாளங்களும் வரிசையாக நின்று அவளைப் பார்த்துப் பல்லை இளித்தன. அவள் பயன்படுத்திய தமிழ் எழுத்துரு அவள் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. சஹீரிடம் இல்லை. நெதர்லாந்தில் இருக்கப் போவதும் இல்லை. வரிக்கு வரி தன் கையால் அடித்தவளுக்கு இது தோன்றவே இல்லை.

இப்போது புருவத்தை உயர்த்த வேண்டியது பிரவினின் முறை. அவன் உயர்த்தவில்லை. முதலில் அவன் உதடு துடித்தது. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அடி கண்ணு, என்ற மரம் ஆடலைன்னா உன்ற தமிழ் பேசலை!"

கிருபாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஆனாலும் அவன் சிரித்த சிரிப்பில் அவளும் சிரித்துவிட்டாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள்.

ஸ்கூட்டரில் திரும்பும்போது பிரவின் தலையைப் பின்னால் சாய்த்துக் காற்றோடு கத்தினான். "எழுத்தை எழுத்தாவே அனுப்புனாத்தான அங்க எழுத்துரு வேணும்? படமா அனுப்பிச்சா? ஒவ்வொரு வார்த்தையும் ஒரு சின்னப் படம். என்ற பேக்கேஜ்ல சுளுவா வரும்."

"பக்கத்தை நான் நோட்பேட்ல வெச்சுக்கறேங்க. எடை கூடாது" என்றாள் கிருபா.

"நீயே வெச்சுக்க. மரம் வேண்டாம்."

"மரம் நெசமாலுமே நல்லா இருந்துச்சுங்க."

"தெரியும், தெரியும். நம்ம ஊட்டுக் கம்ப்யூட்டர்ல ஆடிட்டுக் கெடக்கட்டும்."

யார் பார்க்கிறார்கள், எங்கே உட்கார்ந்து பார்க்கிறார்கள் என்று கேட்காமல், எது நல்ல டூல் என்று வாரக்கணக்கில் அடித்துக்கொண்டிருந்ததை நினைத்துக் கிருபாவுக்கு வெட்கமாக இருந்தது. ஏரிக்கரைக் காற்று முகத்தில் அடித்தது. அவன் தோளில் கையை வைத்துக்கொண்டாள்.

*

அதற்குப் பிறகு அந்த வீட்டு முன்னறை கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது.

பிரவின் சஹீரிடம் கடன் வாங்கி வந்த இன்னொரு கம்ப்யூட்டரைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து, தமிழ்ச் சொற்களுக்குப் படம் செய்ய ஆரம்பித்தான். கல்லூரி அரை நாளோடு முடிந்து வந்த யுவஸ்ரீ அவனை எழுப்பிவிட்டுத் தானே உட்கார்ந்துகொண்டாள். அவளுக்குக் கை வேகம். அண்ணன் பெரிய படங்களைச் சின்னதாக்கப் போனான். கிருபா கடைசிக் கண்டமான வருகைப் புத்தகத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தைப் பார்க்க வருகிறவர்கள் நாலு வார்த்தை எழுதிவிட்டுப் போகிற இடம் அது.

கொத்தமல்லி வாங்கப் போன பழனியாத்தாள் வெகுநேரம் கழித்துக் கொத்தமல்லி இல்லாமல் திரும்பி வந்தாள். வந்தவள் யுவஸ்ரீக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டாள்.

"அம்மா, இதெல்லாம் பட்டனு. இதை அமுக்குனா அந்தந்தப் பக்கம் போகும். கயிறு, நார், கால்மிதி எல்லாம் முடிஞ்சுது. காண்டாக்டுக்கு என்ன போடறது?"

"பேசறதுக்குன்னு போடு."

"ஹோமுக்கு?"

"ஹோமுன்னா ஊடு. இதுகூடத் தெரியாமத்தான் பஸ் ஏறிக் காலேஜ் போறியாக்கும்?"

இந்தப் பேச்செல்லாம் கிருபாவின் காதில் விழத்தான் செய்தது. மனதில் ஏறவில்லை. வருகைப் புத்தகத்தில் எங்கேயோ ஒரு புள்ளி குறைந்து, அது வேலை செய்ய மாட்டேன் என்று அடம் பிடித்துக்கொண்டிருந்தது. புள்ளியைக் கண்டுபிடித்து வைத்ததும் அவள் கூவிய கூவலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

யுவஸ்ரீ கொடுத்த படங்களின் பெயர்களை நோட்பேடில் வரிசையாக அடித்துச் சேர்த்தாள். மோடம் கீச்சுக் கீச்சென்று கத்தி லைனைப் பிடித்தது. ஒவ்வொரு கோப்பாக மேலே ஏறியது. எல்லாம் ஏறி முடிந்த பிறகுதான் நால்வரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். கிருபா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"பெங்களூருக்குத் துணியெல்லாம் எடுத்து வெச்சுட்டியா?" என்றான் பிரவின் திடீரென்று.

"இல்லீங்க."

"எடுத்து வெக்காத" என்றான். வாரக்கணக்காக அவள் காத்திருந்த வார்த்தை. அதைச் சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டான்.

*

வெங்கடபதி மாருதி வேனில் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, வாசலிலிருந்தே கேட்கிற குரல்.

"நெம்ப நேரமாச்சுங்களா? பல்லடத்துல ஒரு லாரி குறுக்க நின்னு போச்சுங்க. எங்கம்மணி இப்பக் கூப்புடுவா. பேரு வசுமதி. போன் ஃப்ரீயா இருக்குதுங்களா?"

இருந்தது. ஒரே லைன் இருக்கிற வீட்டில் போன் வேண்டுமென்றால் நெட் கிடையாது. அதனால் அவர் பார்க்கக் கம்ப்யூட்டரிலேயே இருக்கும் நகலைத் திறந்து வைத்தாள் கிருபா. மகள் பார்க்கப்போவது சர்வரில் இருப்பது. இரண்டும் ஒன்றுதான்.

போன் அடித்தது. நெதர்லாந்து தூரம் என்பதால் வெங்கடபதி தொண்டையைத் திறந்து கத்தினார். "அம்மணீ! நல்லா இருக்கறயா? தொறந்து பாரு கண்ணு!"

நால்வரும் அவர் காதில் இருந்த ரிசீவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"வந்துருச்சா? அதுக்குள்ளயா?" அவர் முகம் மலர்ந்தது. ரிசீவரைப் பொத்திக்கொண்டு சொன்னார். "டக்குனு வந்துருச்சாமுங்க. தமிழும் நல்லாத் தெரியுதாமுங்க."

கிருபா பிரவினின் கையைப் பிடித்து நசுக்கினாள். வெங்கடபதி ஒரு விரலால் மவுஸைத் தொட்டு, கயிறு பார்த்தார், நார் பார்த்தார், தலையை ஆட்டினார். பிறகு விரலைத் திரையிலேயே வைத்தார்.

"இதென்னங்க இது?"

மேலே இடது மூலையில், அழகான பச்சைக் கட்டத்துக்குள், பொன்னிற எழுத்தில் இருந்தது: ஊடு.

கிருபாவின் காதுகள் சுட்டன. முகப்பு என்று இருக்க வேண்டிய இடம். நோட்பேடில் அவள் பார்த்ததெல்லாம் படத்தின் ஆங்கிலப் பெயரைத்தான். படத்துக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று நோட்பேடு சொல்லாது. பிரவினின் பேக்கேஜாக இருந்தால் கண்ணுக்கு முன்னால் தெரிந்திருக்கும்.

"போனை வெச்சாத்தான் மாத்தி ஏத்த முடியும்" என்று பிரவின் அவள் காதில் முணுமுணுத்தான். ரிசீவரோ வெங்கடபதியின் கையில் இருந்தது. யுவஸ்ரீ மெதுவாக அம்மாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். பழனியாத்தாளுக்கு மட்டும் என்ன தப்பு என்றே விளங்கவில்லை.

"ஏனுங்க, ஊட்டை ஊடுன்னு சொல்லாம வேறெப்படிச் சொல்லுவாங்க?"

கிருபா வாயைத் திறந்தாள். "ஐயா, அதுவந்துங்க, ஒரு சின்னத் தப்பு..."

அதற்குள் ரிசீவரிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. அறையிலிருந்த எல்லோருக்கும் கேட்கிற அளவுக்குச் சிரிப்பு. அதற்குப் பிறகு அந்தப் பெண் பேசப் பேச, வெங்கடபதியின் குரல் முதல்முறையாகத் தணிந்தது.

"சரி கண்ணு. சரி சாமி." ரிசீவரைப் பொத்திக்கொண்டார். "இங்க எம்புள்ளைகளுக்குப் புஸ்தகத் தமிழ்ல 'வீடு'ன்னே சொல்லிக் குடுத்தேன், ஊடுன்னு எழுதி இன்னைக்குத்தான் பாக்கறேங்கறா. புள்ளைக ரெண்டும் வேற எதையும் பாக்காம அதையே அமுக்கிட்டு இருக்குதுகளாம்." மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உடனே மறுபடி கத்தினார். "வேற எதை வேணும்னாலும் மாத்துங்க. ஊட்டுல மட்டும் கை வெச்சராதீங்க!"

அறையே ஒரு பெருமூச்சு விட்டது. யுவஸ்ரீ அம்மாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, எல்லாம் தன் யோசனை என்பது போல நின்றுகொண்டாள்.

"ஆமா, இதை எந்த டூல்லங்க செஞ்சீங்க? சங்கத்துல கேப்பாங்க."

"நோட்பேடுங்க" என்றான் பிரவின்.

"இவுங்க பேக்கேஜுங்க" என்றாள் கிருபா அதே நொடியில்.

வெங்கடபதி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ரெண்டு பேரும் ஒட்டுக்கா ஒண்ணச் சொல்லுங்க. திங்கக்கிழமை உடுமலைல சங்கக் கூட்டம். நீங்களே வந்து எல்லாத்துக்கும் எடுத்துச் சொல்லிருங்க. வேலை உங்களுதுதான்."

திங்கட்கிழமை. பிரவின் அவளைப் பார்த்தான்.

"வந்தர்றோமுங்க" என்றாள் கிருபா. சந்தோஷத்தில் குரல் கீச்சென்று போயிற்று, அவர்கள் வீட்டு மோடம் மாதிரியே.

"இந்தாங்க, இதைச் செஞ்ச அம்மணிகிட்ட எங்க பொண்ணு பேசோணுமாம்" என்று ரிசீவரை அவளிடம் நீட்டினார்.

"நெம்ப நல்லா இருக்குதுங்க" என்றது வசுமதியின் குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி. "வருகைப் புத்தகத்துல முதல் ஆளா எழுதலாம்னு போனேன். எனக்கு முன்னாலயே ஒருத்தர் எழுதிப்போட்டாருங்களே!"

"அப்படிங்களா? யாருங்க?"

"பேரு இருக்குது, சொல்றேன். தமிழை இங்கிலீஷ் எழுத்துல எழுதியிருக்காரு. இருங்க, படிக்கறேன். 'உங்க ஊட்டு வாசப்படியை மிதிக்க மாட்டேன்னு சொன்னவன் எழுதறது. கால்மிதியைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலை. அதை மிதிச்சுப்போட்டு உள்ள வந்து பாத்துட்டேன். ஊடு நல்லா இருக்குது கண்ணு. வாரேன்.' இவ்வளவுதானுங்க. கீழ பிரான்சிஸ், பெருந்துறைன்னு போட்டிருக்குது. தெரிஞ்சவருங்களா?"

முகம் தெரியாத ஒரு பெண்ணின் குரலில், கடல் தாண்டி, அப்பா பேசிவிட்டார். பிரவின் பதறிப்போய்க் கிருபாவின் தோளைப் பிடித்தான். அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

"எங்கப்பாங்க" என்றாள் ரிசீவரில்.

*

வெங்கடபதி இரண்டாவது டம்ளர் காபியையும் குடித்துவிட்டு வேனில் ஏறிப் போன பிறகு, மோடத்தைக் கத்தவிட்டு நால்வரும் அந்த வரிகளைத் திரையில் மறுபடி மறுபடி படித்தார்கள்.

"வாரேன்னு போட்டிருக்காரே" என்றாள் யுவஸ்ரீ. "அது 'சரி, போயிட்டு வாரேன்'கற வாரேனா, நெசமாவே கெளம்பி வாரேன்கற வாரேனா?"

"கடுதாசி முடிக்கறப்ப எல்லாரும் எழுதறதுதான்" என்றான் பிரவின். கிருபாவை ஏமாற விடக்கூடாது என்கிற அக்கறை அவனுக்கு.

எந்த வாரேனாக இருந்தாலும் கிருபாவுக்குச் சரி. 'போறேன்' என்று சொல்லிவிட்டுப் போன மனுஷன், அந்தச் சொல்லைத் திரும்ப எடுத்துக்கொண்டுவிட்டார். அதுவே அவளுக்கு வயிறு நிறைந்த மாதிரி இருந்தது.

பிறகு சட்டென்று ஒரு நினைவு வந்து திரும்பினாள். "அத்தை, காலைல டபிள்யூ எத்தனைன்னு கேட்டீங்களே. கொத்தமல்லிக் கடைல போன் பூத் ஏதும் இருக்குதுங்களா?"

"ஆரு கண்டா?" என்றாள் பழனியாத்தாள். முகத்தில் அப்படி ஒரு அப்பாவித்தனம். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அரிசி அளக்கிற சத்தம் கேட்டது. வழக்கமாக நிற்கிற இடத்தில் நிற்காமல், இன்னும் ஒரு படி விழுந்தது.

"பிரவினு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "பெருந்துறை பஸ் எல்லாம் நம்ம ஸ்டாண்டுக்குத்தான வருது? சும்மா கேட்டேன்."

பிரவின் ஸ்கூட்டர் சாவியைத் தேட ஆரம்பித்தான். கிருபா அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்திருந்தாள். வாசற்படிக்கு வெளியே, மாதிரிக்கென்று வெங்கடபதி கொடுத்துவிட்டுப் போன புத்தம் புதுக் கால்மிதி சுருட்டியபடியே கிடந்தது. அவள் குனிந்து அதை விரித்துப் போட்டாள்.